பெரிய அரசுத் துறைக்கு ஐடி தலைவராகப் போகிறவர் முதலில் எங்கே உட்கார வேண்டும்?

கேள்வி, ஜூன் 2

வணக்கம். ஒரு பெரிய அரசுத் துறையில் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கும், புதிதாகத் தொடங்கும் புதுமைப் பிரிவுக்கும் சேர்த்து என்னைப் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள். இன்னும் பத்து நாளில் சேர வேண்டும். பதினெட்டு வருடம் தனியாரில் இருந்தவள், அரசு எனக்குப் புதிது. பழைய மெயின்ஃப்ரேம் (பெரிய மையக் கணினி), ஆறேழு வெண்டர் (ஒப்பந்த நிறுவனங்கள்), ஆளுக்கொரு டேஷ்போர்டு கேட்கும் அதிகாரிகள். ஆறு மாதத்தில் ஏஐ வைத்து ஏதாவது காட்டச் சொல்கிறார்கள். பழையதைத் தொடாமல் புதுமைப் பிரிவைத் தனியாக, சின்னதாக, வேகமாக ஓட விடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? இந்த வேலையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

தனியாக ஓட விடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

உதவித்தொகையும் ஓய்வூதியமும் வழங்கும் ஒரு பெரிய துறையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ப்ரோகிராமராகச் சேர்ந்து, கடைசி ஆறு வருடம் ஐடி தலைவராக இருந்து ஓய்வு பெற்றேன். தலைவரான இரண்டாவது மாதமே ஐந்தாவது மாடியில் ஒரு புதுமைப் பிரிவைத் திறந்தோம். பதினோரு பிள்ளைகள், எல்லாரும் கெட்டிக்காரர்கள். அவர்கள் செய்த முதல் பெரிய வேலை, மோசடி விண்ணப்பங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு ஏஐ மாடல். மூன்று மாதத்தில் முடித்துவிட்டார்கள், மேலிடத்தில் காட்டியபோது நல்ல கைதட்டல். நான் சந்தேகப் பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். பிறந்த தேதி வரிசையில் ஜனவரி 1, ஜனவரி 1, ஜனவரி 1. அடுத்த பக்கமும் அப்படியே. இத்தனை பேர் எப்படி ஒரே நாளில் பிறந்திருப்பார்கள், போலியாகத்தான் இருக்கும் என்று மாடல் கற்றுக்கொண்டிருந்தது.

அவர்கள் பிறந்த தேதி தெரியாதவர்கள். வயதானவர்கள், சான்றிதழ் இல்லாதவர்கள், எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்தவர்கள். எங்கள் திரையில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அதனால் கவுண்டரில் இருப்பவர்கள் வருடத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு 01-01 என்று அடித்துவிடுவார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது, ஆனால் கவுண்டரில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஐந்தாவது மாடியில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததுகூட, அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிய காலத்தில் நான் அந்தக் குழுவில் இருந்ததால்தான்.

பட்டியல் அப்படியே கீழே போயிருந்தால் யாருடைய பணம் முதலில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணத்தை நம்பி மாதத்தை ஓட்டுகிறவர்கள்.

அதனால் முதல் மாதம் கவுண்டரில் உட்காருங்கள். ஆய்வுக்குப் போவதுபோல் போகாதீர்கள். நீங்கள் ஆய்வுக்கு வருகிறீர்கள் என்று தெரிந்தால் முந்தின நாளே மேஜையைத் துடைத்து வைத்துவிடுவார்கள், நீங்கள் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தத் துடைப்பிலேயே போய்விடும். ஒரே மேஜைக்குப் பக்கத்தில், ஒரே நாற்காலியில், குறைந்தது எட்டுப் பத்து நாள் இருங்கள்.

ஜூன் 3

ஒன்று விட்டுப்போனது. மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், அதைக் கேளுங்கள்.

எல்லா கவுண்டரிலும் இருக்கும். நீண்ட கோடு போட்ட பழைய நோட்டு, அட்டை கிழிந்து பிளாஸ்டிக் உறை போட்டது. நான் பார்த்த ஒன்றில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "பிழை 4112 வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு முறை பின்னால் போய் முகவரியை மறுபடி சேமிக்கவும்." அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "மூன்று முறை." அதற்கும் கீழே பென்சிலில், "மதியம் 3 மணிக்கு மேல் வேண்டாம், மறுநாள் பார்க்கலாம்." மூன்று தலைமுறை ஊழியர்கள் ஒரே பிழையோடு மாரடித்த வரலாறு அது. எங்கள் புகார்ப் பதிவில் 4112 என்ற பிழை ஒரு தடவைகூட வந்ததில்லை. புகார் கொடுக்க ஆகும் நேரத்தில் இரண்டு பேரை அனுப்பிவிடலாம் என்று அந்த அம்மா சொன்னார். மறுத்துப் பேச எனக்கு வார்த்தை இல்லை.

அந்த நோட்டை யாரும் தானாகத் தர மாட்டார்கள். விதிக்குப் புறம்பாக ஏதோ செய்கிறோம் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் வேலை. அது போகாமல் ஒரு சிஸ்டமும் உங்களுக்குப் புரியாது.

ஜூன் 5

ஆறு மாதத்தில் ஏதாவது காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு வருகிறேன்.

தேதியை முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு வேலையைத் தேடுவது அரசுக்கே உரிய நோய். அதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம், மக்கள் மருத்துவக் காப்பீட்டில் சேர அமெரிக்க அரசு திறந்த ஹெல்த்கேர்.கவ் இணையதளம். 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாள் முழுவதும் காப்பீட்டில் வெற்றிகரமாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் வேலை செய்தன, எல்லாவற்றையும் சேர்த்து முழுதாக ஓட்டிப் பார்க்கும் சோதனை கடைசி இரண்டு வாரத்தில்தான் தொடங்கியது. ஒவ்வொருவரும் தங்கள் துண்டு சரியாக இருக்கிறது என்றார்கள், முழுதுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, அதை மீட்டெடுத்த விதத்தைத்தான். வெளியிலிருந்து ஒரு சிறு குழு வந்தது. தினமும் நின்றபடி கூட்டம். அங்கே ஒரு விதி வைத்தார்கள்: பிரச்சினையைப் பற்றி அதிகம் தெரிந்தவர்தான் பேச வேண்டும், பதவியில் பெரியவர் இல்லை. தனியாரில் இருந்து வரும் உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அரசில் ஒரு இளநிலைப் பொறியாளர் இயக்குநர் முன்னால் வாய் திறப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று போன பிறகு பார்ப்பீர்கள். நான் தலைவராக இருந்தபோது வாரக் கூட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன், கடைசி வரிசையில் இருந்து பேச ஆரம்பிக்கச் சொன்னேன். மூன்று வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்காவது வாரம் ஒரு பெண், மாதக் கடைசி நாள் இரவு ஓட்டம் (கணக்கையெல்லாம் கணினி இரவில் மொத்தமாக முடிக்கும் வேலை) இரண்டு மணி நேரம் தாமதமாகிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் சில மாதத்தில் காலை கவுண்டர் திறக்கும் நேரத்தைத் தொட்டுவிடும் என்றார். ஆறு மாதமாக அவருக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

சரி, ஆறு மாதத்தில் எதைக் காட்டுவது? ஒரு கட்டத்தை எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் துறைக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதாவது ஒன்றை மறுபடி கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அதை நிறுத்துங்கள். எஸ்டோனியாவில் இது சட்டத்திலேயே இருக்கிறது, ஒரே தகவலைச் சேகரிக்க இரண்டு தரவுத்தளம் வைக்கக் கூடாது. 2001-இல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு அடுக்கைக் கொண்டுவந்து, ஒரு துறையிடம் இருப்பதை இன்னொரு துறை கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அவ்வளவு பெரிதாக நீங்கள் ஆறு மாதத்தில் செய்ய முடியாது. ஆனால் ஒரு நகல், ஒரு சான்றொப்பம், ஒரு கையெழுத்து குறைவது முடியும். அதற்கு அடுத்த நாளே கவுண்டரில் வரிசை குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஜூன் 6

மேலே ஒருவர், "எல்லாத் தப்பும் வெண்டர் செய்வதுதான், நல்ல வெண்டரைப் பிடித்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு வெண்டர் கதை உண்டு.

பழைய பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய பதிவில் ஆவண நிலை என்று ஓர் எழுத்து அகலமுள்ள ஒரு கட்டம். 1 என்றால் சரிபார்க்கப்பட்டது, 2 என்றால் நிலுவை, 3 நிராகரிப்பு. சில பதிவுகளில் 7 இருந்தது. ஆவணக் கையேட்டில் 7 கிடையாது. வெண்டர் அதை "தெரியாதது" என்று மாற்றிவிட்டார்கள். புதிய சிஸ்டத்தின் விதிப்படி, நிலை தெரியாத எல்லாருக்கும் ஆவணம் கேட்டுத் தானாகக் கடிதம் போனது. முப்பது நாளில் தராவிட்டால் பணம் நிற்கும் என்று அதில் இருந்தது.

கடிதங்கள் போன இரண்டாவது வாரம் ஒரு மாவட்ட அலுவலகத்தில் இருந்து போன் மேல் போன். ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள் என்றார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை. கடைசியில், ஓய்வு பெற்று ஒன்பது வருடமான ஒருவருக்குப் போன் போட்டேன். பழைய சிஸ்டம் எழுதப்பட்ட கோபால் (COBOL) என்ற கணினி மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "அண்ணே, ஸ்டேட்டஸ் ஏழு என்றால் என்ன?" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது வெள்ளம்டா" என்றார்.

வெள்ளத்தில் வீடும் காகிதமும் போனவர்கள் அவர்கள். இவர்களிடம் இனி எந்தக் காலத்திலும் ஆவணம் கேட்கக் கூடாது என்று அன்றைய இயக்குநர் வாய்மொழியாகச் சொல்ல, அண்ணன் ஒரு இரவில் 7 என்ற எண்ணைச் சேர்த்து, இரவு ஓட்டத்தில் அதைத் தாண்டிப் போகும்படி இரண்டு வரி எழுதியிருக்கிறார். அந்த இரண்டு வரியை வெண்டர் படிக்கவே இல்லை.

அன்று மாலையே கடிதங்களை ரத்து செய்தோம். ஆனால் வயதானவர்கள் சிலர் இல்லாத காகிதத்தைத் தேடி இரண்டு வாரம் அலைந்திருந்தார்கள். அதை எந்த ரத்தும் திருப்பித் தராது.

ஜூன் 9

நேரடியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது: ஐடி தலைவர் யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், நிர்வாகப் பிரிவின் கீழா, நேராகத் துறைத் தலைவரின் கீழா?

நேராகத் துறைத் தலைவரிடம். இதில் இரண்டு பேச்சே இல்லை. அமெரிக்காவில் 1996-இல் கிளிங்கர்-கோஹன் சட்டம் போட்டு ஒவ்வொரு பெரிய துறைக்கும் தலைமைத் தகவல் அதிகாரி வேண்டும் என்றார்கள். பதவி வந்தது, பணத்தின் மேல் பிடி வரவில்லை. பல இடங்களில் திட்டம் கையெழுத்தான பிறகுதான் அந்த அதிகாரிக்கே தெரியவந்தது. பதினெட்டு வருடம் கழித்து, 2014 டிசம்பரில் ஃபிட்டாரா என்ற இன்னொரு சட்டம் கொண்டுவந்து, ஐடி பட்ஜெட்டில் அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று சேர்க்க வேண்டியிருந்தது.

பிரிட்டனில் 2010-இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 2011-இல் அரசு டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு உருவானது. சிதறிக் கிடந்த அரசு இணையதளங்களை ஒன்றாக்கி 2012 அக்டோபரில் கவ்.யூகே வந்தது. எல்லாரும் அதன் எளிமையான வடிவமைப்பைப் பாராட்டுவார்கள். உள்ளே இருந்து பார்த்தவனுக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெரிய ஐடி செலவுகள் மைய அமைப்பால் ஒருமுறை பார்க்கப்பட்ட பிறகுதான் போக முடியும் என்ற கட்டுப்பாட்டை வைத்திருந்தார்கள். எழுத்துரு அழகாக இருந்ததால் துறைகள் வழிக்கு வரவில்லை, அந்தக் கட்டுப்பாடு இருந்ததால் வந்தன.

சேருவதற்கு முன்பே இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: துறையில் எந்தப் பிரிவு ஐடி வாங்கினாலும் ஃபைல் உங்கள் மேஜை வழியாகப் போகுமா? போகாது என்றால், பதவிப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் பிரின்டர் ரிப்பேருக்குத்தான் தலைவர்.

ஜூன் 10, அதிகாலை

தூக்கம் வரவில்லை. ஜூன் 6 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும்.

7 கதையை எழுதிய பிறகு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாற்றத் திட்டத்தின் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். வெண்டர் கேட்டிருக்கிறார்கள். கேள்விப் பதிவேட்டில் அவர்கள் எழுப்பிய கேள்விகளில் இதுவும் ஒன்று, "ஆவண நிலை 7 என்பதன் பொருள் என்ன?" என்று தெளிவாகவே கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இருந்து போன பதில், "பயன்பாட்டில் இல்லை, தெரியாதது எனக் கொள்ளவும்." அந்தத் தாளின் கீழே என் கையெழுத்து. ஒரே நாளில் நாற்பதுக்கு மேல் பதில்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியைப் பார்த்தால் அன்று மேலிடக் கூட்டம் வேறு.

இத்தனை வருடம் இந்தக் கதையை வெண்டர் தப்பு என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஏமாற்ற நினைத்துச் சொன்னதில்லை, எனக்கே அப்படித்தான் நினைவில் பதிந்துவிட்டது. கேள்வி கேட்ட அந்த வெண்டர் பையன் தன் வேலையைச் சரியாகச் செய்தான். பதில் தெரிந்தவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார், ஒரு போன் தூரத்தில். அவரைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு எழுதிய "வெண்டர் படிக்கவே இல்லை" என்ற வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன், இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 14

மெயின்ஃப்ரேமைத் தூக்கி எறிய வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நீளமாக எழுத வேண்டிய விஷயம்.

முதலில், கோபால் மேல் கோபப்படாதீர்கள். 2020 ஏப்ரலில் நியூஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டபோது உலகமே அந்த மொழியைக் கேலி செய்தது. வேலை இழந்தவர்களின் விண்ணப்பம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது, அதைத் தாங்க ஆள் இல்லை. ஆள் இல்லாமல் போனது மொழியின் குற்றமா? அமெரிக்க வருமான வரித் துறையின் தனிநபர் கணக்குக் கோப்பு 1960-களில் தொடங்கியது, அசெம்ப்ளி என்ற கணினி மொழியிலும் கோபாலிலும் எழுதப்பட்டது, பல தலைமுறை வரிக்கணக்கை அது சுமந்திருக்கிறது. பழையது என்பதால் ஆபத்து வருவதில்லை. அதைப் படிக்கத் தெரிந்த கடைசி ஆள் வீட்டுக்குப் போகும் நாளில்தான் வருகிறது.

செலவும் ஒரு பக்கம் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு ஐடிக்கு வருடத்துக்கு 9,000 கோடி டாலருக்கும் மேல் செலவழித்த காலத்தில் அதில் சுமார் 80 சதவீதம் இருப்பதை ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் போனது. புதியதற்கு மிஞ்சுவது கொஞ்சம். அதனால் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்ற ஆசை எல்லாத் தலைவருக்கும் வரும், உங்களுக்கும் வரும்.

அந்த ஆசைக்கு ஒரு கதை. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவர விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்று ஒன்றைத் தொடங்கியது. தேவைப் பட்டியல் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். எழுதி முடிப்பதற்குள் தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன, தலைமை நாற்காலியிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சுமார் 17 கோடி டாலர் போன பிறகு 2005-இல் கைவிட்டார்கள். அடுத்து சென்டினல் என்று 2006-இல் இன்னொரு ஒப்பந்தம், அதுவும் இழுத்தது. 2010-இல் அந்த வேலையைத் தங்கள் கைக்கே எடுத்துக்கொண்டு, ஒரு சின்னக் குழுவை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு என்று முடித்துக் காட்டிக்கொண்டே போனார்கள். 2012 ஜூலையில் அது எல்லாருக்கும் பயன்பாட்டுக்கு வந்தது.

என் அனுபவத்தில் பழைய சிஸ்டத்தை மாற்ற ஒரு வழிதான் வேலை செய்தது. பனைமரத்தில் பறவை போட்ட ஆலம் விதை முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒரு சின்னச் செடி, பிறகு விழுது கீழே இறங்கும், பல வருடம் கழித்து ஆல் தன் காலில் நிற்கும்போது உள்ளே பனை இருந்ததே தெரியாது. அப்படி மாற்றுங்கள். நாங்கள் முகவரி மாற்றத்தில் தொடங்கினோம். முகவரி மாற்றத்தை மட்டும் புதியதில் எழுதி, இரவில் பழையதுக்கு எழுதிக் கொடுக்கும்படி வைத்தோம். எட்டு மாதம் இரண்டும் சேர்ந்தே ஓடின. தினமும் காலை இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஒன்று வந்தாலும் ஏன் என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததுக்குப் போகவில்லை. பழைய ப்ரோகிராமில் எத்தனை வெள்ளங்கள் ஒளிந்திருந்தன என்று அந்த எட்டு மாதத்தில்தான் தெரிந்தது. இறந்தவர் பெயரில் வரும் கடைசி மாதப் பணம், பெயரில் இரண்டு முதலெழுத்து உள்ளவர்கள், பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள்.

ஜூன் 15

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. எஃப்பிஐ கதையைப் படித்துவிட்டு "அப்படியானால் வெண்டரே வேண்டாம், எல்லாம் உள்ளே செய்வோம்" என்று ஒருவர் உற்சாகமாகி இருக்கிறார். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. எங்களிடம் இருந்த சிறந்த தரவுத்தள ஆள் வெண்டர் நிறுவனத்தின் பெண்தான். கை வெளியில் இருந்து வரலாம், எது ஏன் அப்படி இருக்கிறது என்ற புரிதல் மட்டும் உங்கள் ஆட்களிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வெண்டர் போன மறுநாள் ஒரு விதியை மாற்றச் சொன்னால் எந்த ஃபைலைத் திறப்பது என்று சொல்ல உங்கள் சம்பளப் பட்டியலில் நாலு பேராவது இருக்கிறார்களா? அந்த நாலு பேருக்குப் பதவி உயர்வு எப்போது என்று பாருங்கள், முதலில்.

ஜூன் 21

ஏஐ பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார்கள். ஜனவரி 1 கதையே அதுதான், இருந்தாலும் இன்னும் இரண்டு.

ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை பாக்கியைத் தானாகக் கணக்கிட்டு வசூலித்த ரோபோடெட் திட்டம் பற்றிப் படிக்காமல் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். அங்கே உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும். வரித்துறையிடம் இருந்தது வருட வருமானம். அதை 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்திருக்கிறாய், கூடுதலாக வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கொடு என்று தானாகக் கடிதம் போனது. நாலு மாதம் வேலை பார்த்து எட்டு மாதம் சும்மா இருந்தவருக்கு அந்த வகுத்தல் எப்படிப் பொருந்தும்? முன்பு ஓர் ஊழியர் உட்கார்ந்து சரிபார்த்த இடத்தில் இருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அதை வீம்பாக நடத்தி, 2019-இல் சட்டப்படி செல்லாது என்று ஒத்துக்கொண்டு, 2023 ஜூலையில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை, ஒரு வகுத்தல் கணக்கு மட்டும். மக்கள் வாழ்க்கை சிதைவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கனடாவின் ஃபீனிக்ஸ் இன்னொன்று. அரசு ஊழியர்களுக்கான சம்பள சிஸ்டம், 2016 பிப்ரவரியில் தொடங்கினார்கள். 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகள். பல துறைகளில் பரவியிருந்த சம்பளக் கணக்கு அலுவலர்களின் இடங்களை முன்கூட்டியே நீக்கி, ஒரே மையத்தில் குறைந்த ஆட்களை வைத்தார்கள், சேமிப்பு என்று. சோதனை ஓட்டத்தையும் கைவிட்டார்கள். சம்பளம் சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை. அந்த 80,000 விதிகளில் பாதி யாருடைய மேஜை நோட்டில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நோட்டோடு ஆளையும் அனுப்பிவிட்டார்கள்.

ஆக, ஏஐயை எங்கே வைப்பது? தப்பானால் என்ன ஆகும் என்று கேளுங்கள். எங்களுக்குத் தினமும் வரும் கடிதங்களை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று பிரிக்க அதே ஐந்தாவது மாடிப் பிள்ளைகளை விட்டேன். தப்பாகப் பிரித்தால் ஒரு கடிதம் வேறு மேஜைக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வரும், அரை நாள் போகும். அவ்வளவுதான். முன்பு ஐந்து நாள் கிடந்த கடிதம் மறுநாளே சரியான மேஜைக்குப் போனது, தபால் பிரித்த இரண்டு பேரை முதியவர்களுக்குப் போனில் பதில் சொல்ல மாற்றினோம். பணத்தை நிறுத்தும் முடிவின் பக்கத்தில் மட்டும் கடைசி வரை எந்த மாடலையும் விடவில்லை.

ஜூன் 21, சற்று நேரம் கழித்து

அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஐந்தாவது மாடியை நாலாம் மாதம் மூடினோம். ஆளுக்கு ஒரு மாவட்ட அலுவலகம், மாதத்தில் ஒரு வாரம் கவுண்டர். இரண்டு பேர் பிடிக்காமல் வேலையை விட்டார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு வருடம் மட்டும் போதும் என்று அந்தக் கட்டத்தை மாற்றியது அவர்களில் ஒருத்திதான். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

ஜூன் 22

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. எஸ்டோனியாவின் அடையாள அட்டை சிப்பில் ஒரு பலவீனம் இருப்பது 2017-இல் தெரியவந்தது. சுமார் 7,60,000 அட்டைகள். யாரும் தாக்குவதற்கு முன்பே செப்டம்பரில் அரசே வெளியே வந்து சொன்னது, நவம்பர் தொடக்கத்தில் அந்த அட்டைகளின் மின்னணுச் சான்றிதழ்களை நிறுத்தி வைத்து, புதுப்பிக்க வழி செய்தது. வரிசை நீண்டது, சிஸ்டம் திணறியது, இருந்தும் மக்கள் அட்டையை விட்டு ஓடவில்லை. எங்கள் துறையில் ஒருமுறை சின்னக் கசிவு நடந்தபோது அதை மூன்று நாள் வெளியே சொல்ல விடாமல் வைத்திருந்தார்கள், நான் எதிர்த்தும். மூன்றாம் நாள் அது வேறு வழியில் வெளியே வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் உண்மை சொன்னபோதும் மக்கள் நம்பவில்லை. யார், எத்தனை மணி நேரத்தில் வெளியே சொல்வார்கள் என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள், சம்பவம் நடக்கிற நாளில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஜூலை 8

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், சந்தோஷமாக இருக்கிறது. ஒன்பது நாள் கவுண்டரில் இருந்தாராம். ஆறாவது நாள்தான் பக்கத்து மேஜைக்காரர் இழுப்பறையைத் திறந்து நோட்டைக் காட்டினாராம். அதில் "கறுப்புத் திரை" என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, அது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அதைத் திறக்கிறார்கள், இதை உடனே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

நிறுத்தாதீர்கள். அந்த இரண்டு நாள் எந்தெந்தக் கிழமை, வருகிறவர்கள் யார், திரையில் எதைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று கேளுங்கள். ஓய்வு பெற்றிருந்தால் நம்பர் வாங்கிப் போன் போடுங்கள். காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்கள். அண்ணன் அப்படித்தான், ஒரு மணி நேரம் பேசுவார், நடுவில் பேரன் கதை ஒன்றும் வரும், கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது கடைசிப் பத்து நிமிடத்தில் வரும்.